பேசி நிரப்பிய அன்னதானக் கணக்கு

யாங்கோனில் எங்கள் கோயில் அன்னதானக் கணக்கைக் கைப்பேசியில், கூகுள் ஷீட்ஸ் என்ற அட்டவணைச் செயலியில் எழுதுகிறேன். மூட்டுவலியால் விரல் மடங்காது. ஜிபோர்டு என்ற விசைப்பலகைச் செயலியின் மைக்கை அழுத்தித் தமிழில் சொல்லியே நிரப்பினேன். பெயர்கள் அழகாக விழுந்தன. கூட்டுத்தொகை மட்டும் 0 என்றே நின்றது. பதறிப்போனேன், ஊரார் கொடுத்த காசு அல்லவா!

உற்றுப் பார்த்தபோது தொகைகளெல்லாம் கட்டத்தின் இடப்பக்கம் ஒட்டியிருந்தன. ‘ஐயாயிரம் கியாட்’ (கியாட் மியான்மர் நாணயம்) என்று நான் சொன்னது எழுத்தாகவே பதிந்திருந்தது. எழுத்தைக் கூட்டல் சூத்திரம் சேர்க்காது. எண்ணாக இருந்தால் தானாக வலப்பக்கம் போய் நிற்கும்.

இப்போது பெயருக்குத் தமிழ், தொகைக்கு ஆங்கிலம் என்று விசைப்பலகையை மாற்றிக்கொள்கிறேன். கியாட் என்று சொல்வதில்லை, எண் மட்டும்தான். 5000 வலப்பக்கம் நின்ற பிறகே அடுத்த கட்டம். பழைய 40 வரிகளையும் அன்றிரவே திருத்தினேன். ரசீதுக் கட்டோடு ஒரு கியாட் பிசகாமல் பொருந்தியது.