குளத்து நீரின் சூட்டைப் பார்த்து மீனுக்குத் தீவனம் போடுவது எப்படி?

மீனுக்கு நம்மைப் போல நிலையான உடற்சூடு கிடையாது. தண்ணீர் 22 டிகிரி செல்சியஸ் என்றால் அதன் உடம்பும் ஏறக்குறைய 22தான். செரிமானம், மூச்சு, சினை முதிர்வு எல்லாம் அந்தச் சூட்டுக்கு ஏற்றபடிதான் நடக்கும். ஆகவே தீவன மூட்டையில் அச்சிட்டிருக்கும் அட்டவணைக்கு முன்னால் தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

1. ஆழத்தில் அளவெடுங்கள்

கரையில் கையை விட்டுப் பார்ப்பது உதவாது. வெயில் நேரத்தில் மேல்நீர் 33 டிகிரியாகவும் அடிநீர் 28 ஆகவும் இருக்கக்கூடும். அகல வாய் பாட்டில் ஒன்றுக்குள் தெர்மாமீட்டரை நூலில் தொங்கவிட்டு, தக்கையால் மூடி, அடியில் கனமான கல்லைக் கட்டுங்கள். பாட்டிலுக்கு ஒரு கயிறு, தக்கைக்கு ஒரு கயிறு. ஒரு மீட்டர் ஆழம் போனதும் தக்கைக் கயிற்றை வெடுக்கென்று இழுத்தால் அங்குள்ள நீரே உள்ளே நிறையும். குமிழி வருவது நின்றபின் மூன்று நிமிடம் விட்டு மேலே தூக்கி, தெர்மாமீட்டரின் குமிழ் நீருக்குள் இருக்கும்போதே படியுங்கள். வெளியே எடுத்தால் காற்றுப் பட்டு அளவு மாறிவிடும். விடியற்காலை ஒருமுறை, மதியம் மூன்று மணிக்கு ஒருமுறை அளந்து நோட்டில் குறித்து வையுங்கள்.

2. தீவனத்தைச் சூட்டோடு பொருத்துங்கள்

கட்லா, ரோகு, திலேப்பியா போன்றவை 26 முதல் 30 டிகிரியில் நன்றாகத் தின்று வளரும். டிரவுட் குளிர்நீர் மீன். அதற்கு 12 முதல் 16 வரை போதும், 20ஐத் தாண்டினால் திணறத் தொடங்கும்.

150 கிராம் எடையில் 1000 திலேப்பியா இருந்தால் மொத்தம் 150 கிலோ. 28 டிகிரியில் உடல் எடையில் 2.5 சதவீதம், அதாவது நாளுக்கு 3.75 கிலோ தீவனம். 22க்கு இறங்கினால் பாதியாக்குங்கள். 18க்குக் கீழே போனால் நிறுத்திவிடலாம். குளிரில் மீன் மெதுவாகத் தின்கிறதே என்று மேலும் அள்ளிப் போடுவதுதான் புதிதாகத் தொடங்குபவர்கள் அதிகம் செய்யும் தவறு. தின்னாத தீவனம் அடியில் அழுகி, ஆக்சிஜனைக் குடித்து, அம்மோனியாவை ஏற்றும்.

32ஐத் தாண்டினாலும் குறைக்கத்தான் வேண்டும். 20 டிகிரி நன்னீர் லிட்டருக்குச் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் சுமார் 7.5தான். மீனுக்கோ சூட்டில் மூச்சுத் தேவை கூடும். வரவு குறைந்து செலவு ஏறும் நேரத்தில் வயிறு நிறையத் தின்ற மீன்தான் முதலில் வாய் பிளந்து மேலே வரும். அம்மோனியாவின் நச்சுப் பகுதியும் 20இலிருந்து 30 டிகிரிக்கு ஏறும்போது ஏறக்குறைய இரட்டிப்பாகும்.

வெயில் காலத்தில் விடிந்து இரண்டு மணி நேரம் கழித்துத் தீவனம் போடுங்கள். விடியும் நேரத்தில்தான் ஆக்சிஜன் மிகக் குறைவு. குளிர் நாட்களில் மதியத்துக்கு மாற்றுங்கள். ஆழம் 1.5 மீட்டர் இருந்தால் சூடு சட்டென்று ஏறி இறங்காது. வெயிலுக்குப் பின் பெருமழை கொட்டினால் மேல்நீர் குளிர்ந்து அடிநீரோடு கலந்து ஆக்சிஜன் சரியும், அன்றிரவு ஏரேட்டரை (நீரில் காற்றுக் கலக்கும் கருவி) நிறுத்தாதீர்கள்.

3. குஞ்சு விடும்போது

குஞ்சுகள் வந்த பையை அப்படியே 20 நிமிடம் குளத்தில் மிதக்க விட்டு, பிறகு குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து இன்னொரு 15 நிமிடம் பொறுங்கள். அப்படியே கொட்டினால் சூட்டு வேறுபாட்டின் அதிர்ச்சியில் குஞ்சுகள் பக்கவாட்டில் சாயும், பல அன்றே செத்துப்போகும்.

4. இனப்பெருக்கம்

திலேப்பியா 22 டிகிரியைத் தாண்டியதும் இனம் பெருக்கத் தொடங்கும். குளம் குஞ்சுகளால் நிறைந்து, எதுவும் விற்பனை அளவுக்கு வளராமல் போவது இதனால்தான். ஆண் குஞ்சுகளை மட்டும் வளர்ப்பது நல்லது. கட்லா, ரோகு முட்டைகள் 27 முதல் 29 டிகிரியில் சுமார் 14 முதல் 18 மணி நேரத்தில் பொரியும். 32க்கு மேல் போனால் விரைவில் பொரிந்தாலும் வளைந்த முதுகுள்ள குஞ்சுகள் கூடும். டிரவுட் இதற்கு நேர்மாறு: 10 டிகிரியில் முட்டை பொரியவே ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும், தாய்மீன் இருக்கும் நீர் குளிராவிட்டால் சினை பிந்தி, முட்டையின் தரமும் கெடும். பொரிப்புத் தொட்டியில் தெர்மாமீட்டரை நிரந்தரமாகத் தொங்கவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பாருங்கள்.