கரண்ட் போய் வந்த பிறகு ரெய்டு 5: எதை முதலில் தொடுவது?

செங்கோட்டை, புளியரைப் பக்கம் சாரல் காலத்தில் கணவாய்க் காற்று கிளையைக் கம்பியில் சாய்த்துவிடும். கரண்ட் போகும், வரும், உடனே மறுபடி போகும். ஸ்டுடியோவிலோ கடையிலோ லினக்ஸ் மெஷினில் நான்கு டிஸ்க் ரெய்டு 5 (டிஸ்குகளை ஒன்றாகச் சேர்த்து, ஒன்று செத்தாலும் டேட்டாவைக் காக்கும் முறை) ஓட்டுபவர்களுக்கு இது. ரெய்டு அமைக்கத் தெரியும் என்றே வைத்துக்கொள்கிறேன்.

முதலில், பயாஸில் "கரண்ட் வந்ததும் தானாக ஆன்" என்பதை அணைத்து வையுங்கள். வோல்டேஜ் நிலைத்த பிறகு கையால் ஆன் செய்யுங்கள்.

அடுத்து, ரெய்டின் நிலையைக் காட்டும் எம்டிஸ்டாட் கோப்பைப் (/proc/mdstat) பாருங்கள். நாலு 'யு'வும் வரிசையாக இருந்தால் நான்கு டிஸ்கும் உள்ளே. நடுவில் அடிக்கோடு தெரிந்தால் ஒன்று வெளியே. அப்படியென்றால் 'ஃபோர்ஸ்' ஆப்ஷன் போட்டு ரெய்டை வலுக்கட்டாயமாக எழுப்பாதீர்கள். mdadm-இன் எக்சாமின் கட்டளையில் ஒவ்வொரு டிஸ்கின் ஈவென்ட் எண்ணையும் (ரெய்டில் மாற்றம் நடக்க நடக்கக் கூடும் எண்) குறித்துக்கொள்ளுங்கள். எண் பின்தங்கிய டிஸ்கில் இருப்பது பழைய டேட்டா.

பலரும் அவசரப்படுவது பேரிட்டியில்தான். ஒரு ஸ்ட்ரைப்பில் (நான்கு டிஸ்கிலும் பரவிய ஒரு வரிசை) மூன்று பங்கு டேட்டா, ஒரு பங்கு பேரிட்டி, அதாவது செத்த டிஸ்கின் பங்கைத் திரும்பக் கணக்கிட உதவும் தகவல். டேட்டா எழுதியாகி, பேரிட்டி எழுதுவதற்குள் கரண்ட் போனால் இரண்டும் பொருந்தாது. இதுதான் ரைட் ஹோல். நான்கு டிஸ்கும் நலமாக இருக்கும்வரை ஒன்றும் தெரியாது. பின்னொரு நாள் வேறொரு டிஸ்க் செத்தால், அதன் பங்கை இந்தத் தவறான பேரிட்டியிலிருந்துதான் கணக்கிடும். கரண்ட் போன அன்று யாரும் தொடாத கல்யாண ஆல்பம்கூடக் கெட்டுப்போகலாம். அதனால் ரீசிங்க் (பேரிட்டியை டேட்டாவோடு மறுபடி பொருத்துவது) முடியும்வரை டிஸ்க் மாற்றும் பேச்சே வேண்டாம். 4 டிபி டிஸ்க் என்றால், நொடிக்கு 150 எம்பி வேகத்தில் சுமார் ஏழரை மணி நேரம். பிட்மேப் (எங்கே எழுதிக்கொண்டிருந்தது என்ற குறிப்பு) வைத்திருந்தால் எழுதிக்கொண்டிருந்த பகுதியை மட்டும் பார்த்துச் சீக்கிரம் முடித்துவிடும். ஆனால் பிட்மேப் ரைட் ஹோலை அடைக்காது.

ரீசிங்க் முடிந்ததும் 'செக்' ஓட்டி மிஸ்மேட்ச் எண்ணை, அதாவது பொருந்தாத இடங்களின் கணக்கைப் பாருங்கள். ரெய்டு 5-இல் அது பூஜ்யமாக இருக்க வேண்டும். பூஜ்யம் என்றாலும் பேரிட்டி பொருந்துகிறது என்றுதான் பொருள். பாதி எழுதிய ஃபைலை பேக்கப்பிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

ஃபைல் சிஸ்டம் கடைசியில். எக்ஸ்எஃப்எஸ் வகை என்றால் ஒருமுறை மவுண்ட் செய்து லாக்கை (முடியாத மாற்றங்களின் குறிப்பை) ஓடவிட்டு, இறக்கிய பிறகே ரிப்பேர். ரிப்பேரின் 'எல்' ஆப்ஷன் லாக்கையே அழித்துவிடும், கடைசி வழியாக மட்டும்.

ரைட் ஹோலை அடைக்க என் தேர்வு பிபிஎல் (பார்ஷியல் பேரிட்டி லாக், எழுதும் முன் பேரிட்டிக்கான குறிப்பை ரெய்டு டிஸ்குகளிலேயே வைப்பது). கெர்னல் 4.12 முதல் உண்டு, தனி எஸ்எஸ்டி வேண்டாம். எழுதும் வேகம் 30–40 சதவீதம் வரை குறையலாம். ரெய்டு 6-க்கு இது கிடையாது.

பின்சேர்க்கை: பிபிஎல் கட்டளையை ஏற்க மறுத்தால், பிட்மேப் இன்னும் இருக்கும். அதை 'நன்' என்று எடுத்துவிட்டு மறுபடி கொடுங்கள். எல்லா டிஸ்கிலும் ரைட் கேஷையும் (எழுத வேண்டியதைத் தற்காலிகமாக வைத்திருக்கும் டிஸ்கின் நினைவகம்) அணைக்க வேண்டும், இல்லையேல் பிபிஎல் உத்தரவாதம் தராது. ரீபூட்டில் கேஷ் திரும்ப ஆன் ஆகிவிடலாம், எனவே பூட்டிலேயே அணைக்கும்படி எழுதி வையுங்கள். வீட்டு இன்வெர்ட்டரை நம்புபவர்கள் பின்னால் உள்ள சுவிட்ச் யுபிஎஸ் மோடில் இருக்கிறதா பாருங்கள். மற்ற மோடில் மாறும் நேரம் அதிகம், ஃபேன் ஓடும், மெஷின் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.