குடும்ப நாவல் எழுதிக்கொண்டே குடும்பம் நடத்த

வீட்டில் இருந்தபடி ஆன்லைனில் காதல் தொடர்கதை எழுதும் பெண்களுக்கு வரும் தலைவலியில் முக்கால்வாசி, "நாளை இரவு யூடி வரும்" என்று வாசகர்களிடம் சொல்லிவிட்டு அந்த யூடியை (அப்டேட், அதாவது அடுத்த அத்தியாயம்) இன்னும் எழுதாமல் இருப்பதால் வருவது. சரியாக அந்த நாளில்தான் சின்னவனுக்குக் காய்ச்சல் வரும், நாத்தனார் குடும்பத்தோடு வந்து இறங்குவார், மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையில் போன கரண்ட் சாயங்காலம்தான் வரும். கமெண்டில் "எப்போ சிஸ் அடுத்த எபி?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள், அந்த எரிச்சல் முழுவதும் "அம்மா பசிக்குது" என்று வந்து நிற்கும் பிள்ளை மேல் விழும்.

அதனால் முதலில் கையிருப்பு. முதல் அத்தியாயத்தைப் பதிவிடும் அன்று உங்களிடம் எழுதி, திருத்தி முடித்த 10 அத்தியாயங்களாவது இருக்க வேண்டும். வாரம் இரண்டு யூடி போட்டால் ஐந்து வாரத்துக்கு நீங்கள் ஒரு வரிகூட எழுதாவிட்டாலும் கதை ஓடும். இருப்பு நான்குக்குக் கீழே போனதும் வாரம் ஒன்று என்று மாற்றிக்கொள்ளுங்கள், அதை முன்கூட்டியே வாசகர்களிடம் சொல்லியும் விடுங்கள். ஒழுங்காக வாரம் ஒன்று வரும் கதைக்குக் காத்திருப்பார்கள். மூன்று நாள் தொடர்ந்து போட்டுவிட்டு மூன்று வாரம் காணாமல் போகிறவரைத்தான் மறந்துவிடுகிறார்கள். கதை முழுவதையும் முடித்துவிட்டே போடலாமே என்றால், தாராளமாகப் போடலாம். ஆனால் நாயகனின் தம்பிக்கு இத்தனை ரசிகைகளா என்று பார்த்துவிட்டு அவனுக்கு இரண்டு காட்சி கூட்டும் சுகம் அதில் கிடைக்காது.

எப்போது தொடங்குவது என்பதைப் பள்ளிக்கூடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். செப்டம்பரில் காலாண்டு, டிசம்பரில் அரையாண்டு, மார்ச், ஏப்ரலில் முழு ஆண்டுத் தேர்வு, மே மாதம் பிள்ளைகள் முழு நேரமும் வீட்டில். என்னைக் கேட்டால் மே மாதம் புதிதாக எதுவும் எழுதாமல் கதைக்கான குறிப்புகளை மட்டும் சேர்த்து வைத்து, பள்ளி திறந்து வீடு ஒரு நிலைக்கு வந்த பிறகு ஜூன் கடைசியில் எழுத உட்காருவதுதான் நல்லது. டிசம்பரில் புதுக்கதை வேண்டவே வேண்டாம். பொங்கலையொட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சிக்கு உங்கள் நாவல் அச்சில் வருவதாக இருந்தால், மெய்ப்புப் பார்க்கும் வேலையும் அரையாண்டுத் தேர்வும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். வீட்டில் பத்தாவதோ பன்னிரண்டாவதோ படிக்கிற பிள்ளை இருந்தால் அந்த வருஷம் சிறுகதையோடு நிறுத்திக்கொள்ளலாம், குடி முழுகிப் போகாது.

அப்புறம் தினசரி நேரம். காலை நாலரைக்கு எழுந்து எழுதுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். ராத்திரி பதினொன்றுக்குப் பாத்திரம் கழுவி முடிக்கிறவளிடம் இதைச் சொல்வது அநியாயம். பிள்ளைகளும் கணவரும் கிளம்பிய பிறகு ஒன்பதரையிலிருந்து பதினொன்று வரை கிடைக்கிறதா பாருங்கள், துணி மடிப்பதும் கீரை ஆய்வதும் அதற்குப் பிறகு. யோசிக்கிற வேலையை மட்டும் அடுப்படிக்குத் தள்ளுங்கள். வசனங்கள் அங்கேதான் நன்றாக வரும், உடனே போனில் கூகுள் டாக்ஸைத் திறந்து குரல் தட்டச்சில் பேசி வைத்துவிடலாம். நிறுத்தக்குறி இருக்காது, பாதிச் சொற்கள் வேறு ஏதோவாக வந்திருக்கும், மத்தியானம் உட்கார்ந்து சரிசெய்ய வேண்டியதுதான். மாமியார் ஹாலில் இருக்கும்போது நெருக்கமான காட்சியை மட்டும் பேசித் தட்டச்சு செய்யாதீர்கள்.

யூடி போடும் நாட்களில் இரவுச் சமையல் கணவர் பொறுப்பு என்று முதலிலேயே பேசி முடித்துவிடுங்கள். "கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்களேன்" என்று அன்றன்றைக்குக் கேட்டால் அது நடக்காது. மாவு ஃப்ரிட்ஜில் இருக்கிறது, தோசை ஊற்றத் தெரியாத மனிதர் யாரும் இல்லை.

காதல் கதை எழுதுவதற்கென்றே சில சங்கடங்கள் உண்டு. புனைபெயரை முதல் கதைக்கு முன்பே முடிவு செய்து, எழுத்துக்கென்று தனி மின்னஞ்சல் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் அதே போனில்தான் பிள்ளை வீட்டுப்பாடம் பார்க்கிறது. புனைபெயர் ஊருக்குத்தான், வீட்டுக்கு வேண்டாம். என்ன மாதிரிக் கதை எழுதுகிறீர்கள் என்பதை நீங்களே சொல்லிவிடுங்கள், ஒன்றுவிட்ட நாத்தனார் ஒரு ஸ்கிரீன்ஷாட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுத் தெரிந்துகொள்வதைவிட அது எவ்வளவோ மேல். ஓரகத்தி சண்டையில் சொன்னதை அப்படியே வில்லி வாயில் வைக்காதீர்கள், ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அவர் படிப்பார். கணவர் "இந்த ஹீரோ யாரு?" என்று கேட்டால் சிரித்துவிட்டு விட்டுவிடலாம். ஒவ்வொரு அத்தியாயத்தையும் அவரிடம் காட்டி ஒப்புதல் வாங்கும் பழக்கத்தை மட்டும் தொடங்காதீர்கள், அது உங்கள் கையையும் கட்டிவிடும், அவருக்கும் பாரம்.

பணம் வரும் வழியும் வீட்டுக்குத் தெரிய வேண்டும். அமேசான் கிண்டிலில் மின்னூலாக ஒரு மாதம் விற்றதற்கான ராயல்டி, அந்த மாதம் முடிந்து ஏறத்தாழ 60 நாள் கழித்துத்தான் வரும், அதனால் அதை நம்பி ஸ்கூல் ஃபீஸ் கட்டுவதாக வாக்குக் கொடுக்காதீர்கள். இந்தியாவில் விற்பதற்கு 70 சதவீத ராயல்டி வேண்டுமென்றால் மின்னூலை அமேசானுக்கு மட்டுமே கொடுக்கும் கேடிபி செலக்ட் திட்டத்தில் சேர வேண்டும், இல்லாவிட்டால் 35தான். ஒருமுறை சேர்ந்தால் 90 நாள், அந்த 90 நாளும் அந்த மின்னூல் இணையத்தில் வேறெங்கும் இருக்கக் கூடாது. பிரதிலிபி போன்ற கதைத் தளங்களில் போட்ட அத்தியாயங்களை எல்லாம் எடுக்க வேண்டும், எடுக்கப் போகும் தேதியை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும், மொத்தக் கதையையும் உட்கார்ந்து திருத்த வேண்டும், அட்டை தயாராக வேண்டும். இந்த வேலைக்கு இரண்டு வாரம் ஒதுக்குங்கள், அந்த இரண்டு வாரமும் வேறு கதை ஓடக் கூடாது. ராயல்டியை உங்கள் பெயரில் உள்ள வங்கிக் கணக்கிலேயே வாங்குங்கள். முதலில் வரும் தொகையில் பாத்திரம் கழுவ ஒரு ஆள் வைக்க முடியுமா என்று பாருங்கள். நகைச்சீட்டு அடுத்த கதைக்குக் கட்டிக்கொள்ளலாம்.