பழைய எஸ்பிரெஸ்ஸோ மெஷினைப் பிரிக்கப் போகிறீர்களா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழைய சாமான் கடைகளில், எனாமல் தூக்குக்கும் மரத்தூணுக்கும் நடுவே எப்போதாவது ஒரு இத்தாலிக் காபி மெஷின் தலைகாட்டும். யாரோ வெளிநாட்டிலிருந்து ஆசையாகக் கொண்டுவந்து, இரண்டு தடவை போட்டுக் குடித்துவிட்டு, "நம்ம டிகாஷனுக்கு முன்னால இது என்ன" என்று இரண்டாம் கட்டு அறையில் தூக்கிப்போட்டதாக இருக்கும். இப்போது அதைத் தேடிப்பிடித்து வாங்குகிற பிள்ளைகள் கூடிவிட்டார்கள். சந்தோஷம்தான். ஆனால் வாங்கிய சூட்டோடு பிரித்துப் போட்டுவிட்டு, அப்புறம் எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் அள்ளிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். எந்தப் பையைத் திறந்தாலும் அதே தவறுகள், நான் பழகிய காலத்தில் செய்ததும் இவைதான்.

போட்டோ எடுத்துவிட்டுப் பிரியுங்கள், ஸ்க்ரூவை டப்பாவில் போட்டு வையுங்கள், பிளக்கைப் பிடுங்குங்கள் என்பதையெல்லாம் நான் எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் ஸ்பேனரைத் தொடவே வேண்டாம்.

உதாரணத்துக்கு லா பவோனி யூரோபிக்கோலாவையே எடுத்துக்கொள்கிறேன். 1961-இல் வந்த மாடல், கைப்பிடியை மேலே தூக்கி, கீழே அழுத்திக் காபி இறக்குகிற வகை. என் கைக்கு வருவதில் அதுதான் அதிகம்.

புளித்தண்ணீரில் ஊறப்போடுவது

இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுவேன், எரிச்சல் அவ்வளவு இருக்கிறது.

தேவகோட்டைப் பக்கமிருந்து ஒரு தம்பி வந்தார். நல்ல விலை கொடுத்து வாங்கிய பழைய யூரோபிக்கோலா, அடியில் சின்னப் பள்ளத்தைத் தவிர ஒரு குறையும் இல்லாதது என்றார். பையைத் திறந்தால் பாய்லர் ரோஸ் நிறத்தில் இருக்கிறது. என்ன தம்பி செய்தீர்கள் என்று கேட்டால், "ஆச்சிதாண்ணே சொன்னாங்க, புளியும் கல்லுப்பும் போட்டா பித்தளை பளபளன்னு வந்துரும்னு. அண்டாவுல கரைச்சு ராத்திரி முழுக்க ஊறவிட்டேன்." ஆச்சி சொன்னதில் தப்பே இல்லை. ஆச்சி புளி போட்டுத் தேய்ப்பது உருளியையும் குத்துவிளக்கையும், தேய்த்த கையோடு கழுவியும் விடுவார். ராத்திரி முழுக்க ஊறவிட்டது தம்பியின் சொந்தச் சரக்கு.

பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அமிலத்தில் நெடுநேரம் கிடந்தால் துத்தநாகம் முதலில் கரைந்து வெளியேறும், உப்பும் சேர்ந்தால் அந்த அரிப்பு இன்னும் வேகமாக நடக்கும். கடைசியில் மிஞ்சுவது பார்வைக்குப் பழைய உருவத்திலேயே இருக்கிற, உள்ளுக்குள் பொடிப்பொடியாகத் துளைவிழுந்த செம்பு. ரோஸ் நிறம் அதுதான். தம்பியுடைய பாய்லரின் வாயில் மூடியை வைத்துத் திருகினேன், மரை அப்படியே மாவாக உதிர்ந்தது. அந்த மூடி சும்மா தூசிக்காகப் போட்ட மூடி கிடையாது. வேலை செய்யும்போது உள்ளே முக்கால் பார் அழுத்தம், கிட்டத்தட்ட 115 டிகிரி சூட்டில் நீராவி, அதை உங்கள் முகத்துக்கு நேரே பிடித்து நிறுத்துவது அந்த மரைதான். வெல்டிங் வைக்கலாமா, ஈயம் பூசலாமா என்று கேட்டார். ஒன்றும் செய்ய முடியாது. வேறு பாய்லர்தான் வாங்க வேண்டும், மெஷினை வாங்கிய விலையைவிட அது கூட.

போதாக்குறைக்கு வெளிப்பக்கக் குரோமும் போய்விட்டது. முலாமில் கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள் இருக்கும், அமிலம் அதன் வழியாக அடியில் இறங்கிப் பித்தளையைத் தின்றதும் முலாம் கொப்புளித்துச் செதில் செதிலாக எழும்பிவிடும்.

சரி, பாய்லருக்குள் தண்ணீர் விட்டுப்போன உப்புக்கறையை எப்படித்தான் எடுப்பது? சிட்ரிக் ஆசிட் தூள் போதும், மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேட்டாலும் கொடுப்பார்கள். ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 20 முதல் 30 கிராம். ஹீட்டர், சைட் கிளாஸ் (தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடிக் குழாய்), வாஷர் எல்லாவற்றையும் கழற்றிய பிறகு, ஓட்டைகளை அடைத்து, பாய்லருக்கு உள்ளே மட்டும் ஊற்றுங்கள். வெளியே ஒரு சொட்டு வழிந்தாலும் உடனே துடையுங்கள். கறை கரையும்போது நுரைக்கும், நுரை நின்றால் அந்த ஈடு முடிந்தது. 20 நிமிடத்துக்கு ஒருமுறை கொட்டிப் பாருங்கள். இன்னும் கறை இருந்தால் மூங்கில் குச்சியால் சுரண்டிவிட்டு, புதிதாகக் கரைத்து ஊற்றுங்கள். "இன்னும் கொஞ்ச நேரம் கிடக்கட்டும்" என்று விட்டுவிட்டுப் படுக்கப் போகாதீர்கள். முடிந்ததும் சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு அலசு, அப்புறம் நல்ல தண்ணீரில் அலசு.

இரும்பு ஸ்க்ரூ ஒன்று உள்ளே மாட்டியிருந்தாலும் எடுத்துவிடுங்கள். அமிலத்தில் கரைந்த செம்பு திரும்பி வந்து படிய அது வழிசெய்யும். பத்தர்கள் அமிலத்துக்குள் இரும்பு இடுக்கியை விடாததும் இதனால்தான். இப்படி மேலாகப் படிந்த சிவப்பு தேய்த்தால் போய்விடும், பயப்பட வேண்டாம். சந்தேகமாக இருந்தால் வெளியே தெரியாத ஓரத்தில் அரத்தால் லேசாக ஒரு இழு இழுங்கள். உடனே மஞ்சள் தெரிந்தால் பிழைத்தீர்கள். இழுக்க இழுக்க ரோஸாகவே வந்தால் அதில் நீராவி ஏற்றாதீர்கள்.

பழைய காஜியா கிளாசிக் மாதிரி அலுமினிய பாய்லராக இருந்தால் அமிலத்தைத் தாங்குகிற சக்தி இன்னும் குறைவு, நேரத்தைப் பாதியாக்குங்கள். பாத்ரூம் கழுவுகிற ஆசிட்டை ஊற்றியவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

இறுகிய போல்ட்டோடு மல்லுக்கட்டுவது

அலுமினியத்துக்குள் இரும்பு போல்ட் வருஷக்கணக்காக ஈரத்தில் உட்கார்ந்திருந்தால் இரண்டும் அரித்து ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும். பலத்தைக் காட்டினால் தலை மட்டும் கையோடு வரும். துருநீக்கி எண்ணெய் விட்டு ஒரு நாள் விடுங்கள், லேசாகச் சூடுகாட்டுங்கள், முதலில் இறுக்குகிற பக்கம் ஒரு நூலளவு அசைத்துவிட்டு அப்புறம் கழற்றுங்கள். தேய்ந்துபோன ஆலன் கீயைத் தூர எறியுங்கள்.

பாலிஷ் கடையில் கொடுப்பது

பஃப் சக்கரத்தில் கொடுத்தால் குரோம் போய்ப் பித்தளை எட்டிப்பார்க்கும். அலங்காரக் குரோம் முலாமின் கனம் ஒரு மைக்ரான்கூடத் தேறாது.

வாஸ்லின், தேங்காய் எண்ணெய்

கூடாது. உணவுத்தர சிலிக்கான் கிரீஸ் மட்டும்.

மாடல் பார்க்காமல் வாஷர் செட் வாங்குவது

யூரோபிக்கோலாவில் பழைய குரூப்புக்கு (காபி இறங்குகிற தலைப்பகுதி) 49 மில்லிமீட்டர் காபிக் கூடை, 2000 வாக்கில் வந்த புதிய குரூப்புக்கு 51. வாஷர்களும் அதற்கேற்ப வேறு. கூடையை அளந்துவிட்டு ஆர்டர் போடுங்கள். பிஸ்டன் சீலின் உதடு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்பதையும் கழற்றும் முன்பே குறித்துக்கொள்ளுங்கள், தலைகீழாகப் போட்டால் அழுத்தமே நிற்காது.

அமெரிக்காவிலிருந்து வந்த மெஷின்

பின்பக்கத் தகட்டைப் படியுங்கள். 120 வோல்ட் ஹீட்டரை நம் 230 வோல்ட்டில் போட்டால் இரண்டு மடங்கு சூடு என்று கணக்குப் போடுகிறார்கள். வோல்டேஜின் வர்க்கத்துக்கு ஏற்ப வாட் ஏறும், ஆக மூன்றரை மடங்குக்கும் மேலே. 1000 வாட் ஹீட்டர் 3,600 வாட்டைத் தாண்டி இழுத்துக் கருகிவிடும். இன்னொன்று, மெஷின் முழுக்க உலோகம். பழைய வளவு வீடுகளில் பல இடத்தில் எர்த் கம்பியே கிடையாது, மூன்று துளை பிளக்பாயிண்டைப் பார்த்து நம்பிவிடாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைச் சோதித்த பிறகு சொருகுங்கள்.

கரண்ட் டிரிப் ஆகிறதென்று ஹீட்டரைத் தூக்கிப்போடுவது

பல வருஷம் சும்மா கிடந்த ஹீட்டருக்குள் இருக்கிற மெக்னீசியம் ஆக்சைடு தூள் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும், ஐப்பசி கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். மின்கசிவு அதனால்கூட இருக்கலாம். ரப்பர் பாகங்களை எடுத்துவிட்டு, ஓவனில் 110 டிகிரியில் சில மணி நேரம் காயவைத்து மறுபடி மீட்டர் வைத்துப் பாருங்கள். அப்போதும் கசிந்தால் மாற்றுங்கள்.

வெள்ளை நார் மாதிரி தெரிகிற பழைய சுற்றுக்கட்டு

ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். சுரண்டாதீர்கள்.

சேஃப்டி வால்வு சீறுகிறதென்று அடைப்பது

ஆரம்பகால யூரோபிக்கோலாவில் தானாக அணைக்கிற பிரஷர் சுவிட்ச் கிடையாது. குறைந்த சூடு, கூடிய சூடு என்று கைச்சுவிட்ச் மட்டும்தான். மறந்து விட்டுவிட்டால் உங்களைக் காப்பாற்ற அந்த வால்வு ஒன்றுதான் உண்டு. சுத்தம் செய்யுங்கள், ஸ்பிரிங் மாற்றுங்கள், அடைக்காதீர்கள்.

மாட்டி முடித்ததும் காபி போடுவது

பொறுங்கள். சைட் கிளாஸில் முக்கால்வாசி தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் சுவிட்ச், வெறும் பாய்லரில் ஹீட்டர் சீக்கிரமே கருகிவிடும். சூடேறும்போது ஸ்டீம் குமிழைத் திறந்து உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்றுங்கள், இல்லாவிட்டால் சூடு வராமலே அழுத்தம் மட்டும் வந்ததுபோல் ஏமாற்றும். கொதித்ததும் அணைத்து, அழுத்தம் முழுக்க இறங்கி ஆறிய பிறகு மூடியைத் திறந்து கொட்டுங்கள். தண்ணீரில் பச்சையோ நீலமோ தெரிந்தால் செம்பு உப்பு இன்னும் போகவில்லை, சோடாத் தண்ணீரிலிருந்து மறுபடி ஆரம்பியுங்கள். இப்படி இரண்டு முறை கொதிக்கவிட்டு, இரண்டும் தெளிவாக வந்தால் மூன்றாவதில் காபி போடலாம்.