பளுதூக்குதல்: முதல் போட்டிக்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெங்களூரு ஸ்ரீராமபுரத்திலிருந்தும் அல்சூரிலிருந்தும் வரும் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் பளுதூக்கக் கற்றுக்கொடுக்கிறேன். வேலூர் சதீஷ் சிவலிங்கம் 2014, 2018 காமன்வெல்த் போட்டிகளில் தங்கம் வென்றதைச் சொல்லிக்கொண்டு ஆர்வத்துடன் வரும் இவர்கள், எங்கள் தலைமுறை செய்த தவறுகளையே மறுபடியும் செய்வதைக் காண மனம் பொறுக்கவில்லை. முதுகை வளைக்கக் கூடாது என்பது போன்றவற்றை எந்தப் பயிற்சியாளரும் முதல் நாளே சொல்லிவிடுவார், அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் முயற்சிக்கே அதிக எடை கேட்பது

பார் என்னும் எடைத்தண்டைத் தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேல் தூக்குவது ஸ்னாட்ச்; முதலில் தோளுக்கும் பிறகு தலைக்கு மேலும் தூக்குவது கிளீன் அண்ட் ஜெர்க். இரண்டிலும் ஒவ்வொருவருக்கும் மும்மூன்று முயற்சிகள் உண்டு. இரண்டிலும் சரியாகத் தூக்கிய அதிகபட்ச எடைகளைக் கூட்டி வருவதே மொத்தம். போட்டி நடக்கும்போது பாரில் எடை ஏறுமே தவிர இறங்காது. இந்த ஒரு விதியின் கடுமையை உணராமல் மேடையேறுபவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

பயிற்சியில் ஒரே ஒரு முறை 80 கிலோ ஸ்னாட்ச் செய்திருந்த ஒரு பையன், உள்ளூர்ப் போட்டியொன்றில் 78 கிலோவில் தொடங்கினான். அவனுடன் வந்திருந்தவரும் தடுக்கவில்லை. முதல் முயற்சியில் பார் முன்பக்கம் விழுந்தது. 74க்கு இறங்க வழியில்லாததால் அதே 78ஐ இன்னும் இரண்டு முறை முயன்று இரண்டிலும் தோற்றான். கிளீன் அண்ட் ஜெர்க்கில் அவன் பிரிவிலேயே அவன்தான் அதிகம் தூக்கினான் என்றாலும், ஸ்னாட்சில் ஒன்றும் இல்லாததால் அவனுக்கு மொத்தமே கிடையாது. வீட்டார் கடைசி வரிசையில் அமர்ந்து காத்திருந்தார்கள்.

மூன்று முயற்சிகளும் தவறினால் யாருக்கும் இதே கதிதான். 2016 ரியோ ஒலிம்பிக்கில் மீராபாய் சானு ஸ்னாட்சில் எடை தூக்கியும், கிளீன் அண்ட் ஜெர்க்கின் மூன்று முயற்சிகளும் தவறியதால் மொத்தம் இல்லாமல் திரும்பினார். அதே மீராபாய்தான் டோக்கியோவில் 87, 115 என்று மொத்தம் 202 கிலோ தூக்கி வெள்ளி வென்றார்.

ஆகவே, தூக்கம் சரியில்லாத நாளிலும் அடுத்தடுத்து இரண்டு முறை தூக்கக்கூடிய எடையையே முதலில் கேளுங்கள். 80 கிலோ தூக்குபவருக்கு 72 அல்லது 73 போதும் என்பது என் கணக்கு. மிச்சத்தை அடுத்த இரண்டு முயற்சிகள் பார்த்துக்கொள்ளும். எழுதிக்கொடுத்த எடை கல்லில் செதுக்கியதும் அல்ல. ஒவ்வொரு முயற்சிக்கும் முன் இரண்டு முறை மாற்றலாம். பாரில் ஏற்கெனவே ஏறிவிட்ட எடைக்குக் கீழே மட்டும் போக முடியாது. உடலைச் சூடேற்றும்போது கால் கனக்கிறது என்று தெரிந்தால், எடையை மாற்றச் சொல்லி, கூச்சப்படாமல் உங்கள் பயிற்சியாளரைப் போட்டி அதிகாரிகளின் மேசைக்கு அனுப்புங்கள்.

கையால் இழுப்பது

பாரை உயர்த்துவது காலும் இடுப்பும். முழங்கை முன்கூட்டியே மடங்கினால் அவற்றின் விசை பாருக்குப் போய்ச் சேராது. இடுப்பு முழுதாக நிமிரும்வரை கைகள் கயிறு போலத் தொங்கட்டும்.

முழங்கையைப் பிறகு நிமிர்த்துவது

பாரைத் தலைக்கு மேல் மடங்கிய கையோடு வாங்கி, அதன்பின் தள்ளி நிமிர்த்தினால் நடுவர்கள் சிவப்பு விளக்கு காட்டுவார்கள். மூவரில் இருவர் காட்டினாலே முயற்சி போயிற்று.

நடுவரின் சைகைக்கு முன் பாரை இறக்குவது

காத்திருங்கள்.

ஓட்டக் காலணி அணிவது

வேண்டாம். மெத்தென்ற அடிப்பகுதி எடையின் கீழ் அமுங்கும்.

எடைப்பிரிவுக்காகப் பட்டினி கிடப்பது

எடை பார்ப்பது போட்டிக்கு 2 மணி நேரத்துக்கு முன்புதான் தொடங்குகிறது. முந்தைய நாள் முழுதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் உடலை வற்றவிட்டவர் அதற்குள் தேற முடியாது. முதல் போட்டிக்கு, இப்போது இருக்கும் எடை எந்தப் பிரிவில் வருகிறதோ அதிலேயே பெயர் கொடுங்கள். வழக்கமான காலை உணவைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.