சந்துக்குள் ஒரு பப்: முதல் பைன்ட் வாங்குவது எப்படி?

இங்கிலாந்துக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்த புதிதில் நம்மாட்கள் பலரும் ஊர் நடுவில் இருக்கும் பளபள பாருக்குத்தான் போவார்கள். எந்த ஊருக்குப் போனாலும் அங்கே அதே நாலு லாகர் பீர்தான் இருக்கும். இந்த ஊரின் நல்ல சரக்கு சந்துக்குள் இருக்கிறது. பழைய செங்கல் கட்டடம், பெயர்ப்பலகை ஒன்று, உள்ளே சின்னச் சின்ன அறைகள், பார் மேல் வரிசையாகப் பீர் இழுக்கும் பத்துக் கைப்பிடிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பீர். அந்தப் பத்தையும் பார்த்ததும் வாயடைத்துப் போகும். எனக்கும் அப்படித்தான் ஆனது. அதனால்தான் இந்தப் பதிவு.

படி 1: ஊரும் சந்தும்

உதாரணத்துக்கு நான் இருக்கும் ஷெஃபீல்டையே எடுத்துக்கொள்கிறேன். இங்கே கெல்ஹாம் ஐலண்ட் என்று ஒரு பகுதி. டான் ஆற்றிலிருந்து ஆலைக்கு வெட்டிய கால்வாயால் உண்டான தீவு. எஃகும் கத்தியும் செய்த பட்டறைகள் நிறைந்திருந்த இடம், இப்போது பாதி அடுக்குமாடிக் குடியிருப்பு. டிராமில் ஷேல்ஸ்மூர் நிறுத்தத்தில் இறங்கினால் கொஞ்ச தூர நடைதான்.

ஃபேட் கேட் என்ற பப்பை 1981இல் டேவ் விக்கெட் என்பவர் கூட்டாளி ஒருவரோடு வாங்கி, பல சின்ன ஆலைகளின் பீரைக் கொண்டுவந்து வைத்தார். ஒரு பப்பில் ஒரே கம்பெனி பீர்தான் என்பது வழக்கமாக இருந்த காலம் அது. 1990இல் பப்பை ஒட்டியே சொந்தமாக ஒரு பீர் ஆலையும் தொடங்கினார். அங்கே காய்ச்சிய பேல் ரைடர் என்ற பீர் 2004இல் பிரிட்டனின் சாம்பியன் பீர் ஆனது. அந்த ஆலை 2022இல் மூடப்பட்டது, பீர் பிழைத்துக்கொண்டது. இப்போது அதை தார்ன்பிரிட்ஜ் என்ற ஆலைக்காரர்கள் காய்ச்சுகிறார்கள். அங்கிருந்து நடந்து போகிற தூரத்தில் கெல்ஹாம் ஐலண்ட் டாவெர்ன். 2008, 2009 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் நாட்டின் சிறந்த பப் என்று காம்ரா தேர்ந்தெடுத்த இடம். காம்ரா என்பது ஏல் என்ற மரபான பீர் வகையைக் காப்பாற்ற 1971இல் தொடங்கிய குடிமக்கள் சங்கம் (இரண்டு அர்த்தத்திலும்தான்!). வேறு ஊரில் இருக்கிறீர்களா? கதவிலோ ஜன்னலிலோ காம்ரா ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தைரியமாக நுழையலாம்.

பார்க்க இளமையாக இருந்தால் பாஸ்போர்ட்டோ லைசென்ஸோ கையில் இருக்கட்டும். சட்டப்படி வயது 18தான். ஆனாலும் 25க்குக் கீழே தெரிகிற யாரிடமும் அடையாள அட்டை கேட்பது இங்கே வழக்கம்.

படி 2: கேஸ்க் என்றால் என்ன?

கேஸ்க் என்றால் பீப்பாய். இந்தப் பப்களில் கைப்பிடியில் வருவது கேஸ்க் ஏல். இதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. கள் தெரியும் அல்லவா? இறக்கிய பிறகும் பானைக்குள் நுரைத்துக்கொண்டே இருக்கும். காலையில் இனிக்கும், சாயங்காலம் புளிக்கும். கேஸ்க் ஏலும் அந்தச் சாதிதான். ஆலையிலிருந்து கிளம்பும்போதே பீப்பாய்க்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கும். பப்பின் நிலவறையில் அது இன்னும் கொஞ்சம் நொதித்து, அடங்கி, தெளியும். கள்ளைவிட நிதானம், அவ்வளவுதான். பீப்பாயைத் திறந்துவிட்டால் மூன்று நாளுக்குள் விற்றாக வேண்டும். வழக்கமான பீப்பாயான ஃபிர்கினில் 72 பைன்ட் பிடிக்கும் (ஒரு பைன்ட் அரை லிட்டருக்குக் கொஞ்சம் மேல்).

ஆகவே நிறைய வகை இருப்பது மட்டுமே நல்ல பப்புக்கு அடையாளம் ஆகாது. அத்தனை பீப்பாயும் மூன்று நாளில் காலியாகிற அளவுக்கு வாடிக்கையாளர்களும் வேண்டும். கூட்டமில்லாத பப்பில் பன்னிரண்டு கைப்பிடியைக் கண்டால் எனக்குப் பயமாகத்தான் இருக்கும்.

"வெதுவெதுப்பான, கேஸ் இல்லாத பீர்" என்று நண்பர்கள் கேலி செய்வார்கள். வெதுவெதுப்பெல்லாம் இல்லை. 11 முதல் 13 டிகிரி வரை, மண்பானைத் தண்ணீரைவிடவும் குளிர்ச்சி. ஐஸ் போலக் குளிர்ந்தால் நாக்கு மரத்துப்போய் ருசி தெரியாது. கெக் பீர் வேறு. அதை கேஸ் அழுத்தத்தில் தள்ளிக் குழாயில் விடுவார்கள். கைப்பிடியை இழுத்து ஊற்றினால் கேஸ்க், குழாயைத் திறந்துவிட்டால் கெக். இது போதும்.

சைவர்களுக்கு ஒரு குறிப்பு: கேஸ்க் ஏல் சீக்கிரம் தெளிவதற்கு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுக்கும் ஐசிங்கிளாஸ் என்ற பொருளைச் சேர்ப்பது பழைய வழக்கம். அன்ஃபைன்ட் என்று எழுதியிருந்தால் அது சேர்க்காதது, கொஞ்சம் கலங்கலாக இருக்கும். சந்தேகம் இருந்தால் வீகனா என்று பாரில் கேளுங்கள், சொல்லிவிடுவார்கள்.

படி 3: பாரில் நிற்பது

முதல்முறை போனபோது நான் செய்த காரியம்: மூலையில் நல்ல மேசையாகப் பார்த்து உட்கார்ந்து, யாராவது வந்து கேட்பார்கள் என்று இருபது நிமிடம் காத்திருந்தேன். பக்கத்து மேசைத் தாத்தா நாயைத் தடவிக்கொடுத்தபடியே, "இங்கே அவர்கள் வரமாட்டார்கள், நீதான் போக வேண்டும்" என்றார். நாய்கூட என்னைப் பரிதாபமாகப் பார்த்தது.

நாமேதான் பாருக்குப் போய் வாங்க வேண்டும். அங்கே வரிசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இருக்கிறது. யாருக்குப் பிறகு யார் என்று பாரில் இருப்பவருக்கும் தெரியும், நிற்பவர்களுக்கும் தெரியும். காசை ஆட்டிக் காட்டாதீர்கள், விரலைச் சொடுக்காதீர்கள், "பாஸ்" என்று கூப்பிடாதீர்கள். கண்ணோடு கண் பார்த்தால் போதும். உங்களுக்கு முன்னால் வந்தவர் இன்னும் நின்றுகொண்டிருக்க உங்களைக் கேட்டால், அவரைக் கை காட்டுங்கள். அந்த ஒரு காரியத்திலேயே அந்தப் பப்பில் உங்களுக்கு மரியாதை வந்துவிடும்.

படி 4: எதை வாங்குவது?

ஒவ்வொரு கைப்பிடியிலும் ஒரு சின்னப் பலகை மாட்டியிருக்கும். பீரின் பெயர், ஆலையின் பெயர், ஆல்கஹால் சதவீதம் மூன்றும் அதில் உண்டு. பலகை பின்பக்கம் திரும்பியிருந்தால் அந்தப் பீர் தீர்ந்துவிட்டது அல்லது இன்னும் தயாராகவில்லை என்று அர்த்தம்.

முதலில் சதவீதத்தைப் பாருங்கள். 4க்குள் இருப்பதில் ஆரம்பியுங்கள். 4 சதவீதத்தில் ஒரு பைன்ட் என்பது 2.3 யூனிட் (யூனிட் என்பது ஆல்கஹாலை அளக்க இங்கே வைத்திருக்கும் கணக்கு). வாரத்துக்கு 14 யூனிட்டுக்கு மேல் வேண்டாம் என்பது இந்த நாட்டு மருத்துவர்களின் அறிவுரை. கணக்கு நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

பிட்டர் என்ற பெயரைப் பார்த்துப் பாகற்காய் என்று நினைத்துவிடாதீர்கள். செம்பு நிறத்தில் பிஸ்கட் வாசனையோடு, முடிவில் மட்டும் லேசாகக் கசக்கும். மைல்ட் பெரும்பாலும் கறுப்பாகவும் மென்மையாகவும் இருக்கும். ஃபில்டர் காபி பிடித்தவர்களுக்கு ஸ்டவுட், போர்ட்டர். பெயரில் இந்தியா இருப்பதால் ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) நம்மூர் பீர் என்று நினைக்க வேண்டாம். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் இங்கிருந்து அங்கிருந்த வெள்ளைக்காரர்களுக்குக் கப்பலில் போனது. கசப்பும் வாசனையும் தரும் ஹாப்ஸ் பூ தூக்கலாக இருக்கும், அதை இரண்டாவது முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

இன்னும் குழப்பமா? "கொஞ்சம் ருசி பார்க்கலாமா?" என்று கேளுங்கள். குட்டிக் கிளாஸில் ஒரு வாய் தருவார்கள், காசு கிடையாது. இரண்டு கேட்கலாம். ஆறு கேட்டால் பின்னால் நிற்பவர் பெருமூச்சு விடுவார். பிறகு ஹாஃப் வாங்குங்கள். ஒரு பைன்ட் 568 மில்லி, ஹாஃப் அதில் பாதி. ஹாஃப் குடித்தால் கௌரவக் குறைச்சல் என்பதெல்லாம் பழைய கதை. பத்து வகை இருக்கும் இடத்தில் ஹாஃப் வாங்குகிறவன்தான் புத்திசாலி.

குடிக்காதவர்களும் தாராளமாக வரலாம். லைம் சோடா வாங்கிக்கொண்டு உட்காருங்கள், யாரும் காரணம் கேட்கமாட்டார்கள்.

படி 5: ஊற்றுவதைப் பாருங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். கிளாஸைச் சாய்த்துப் பிடித்து, கைப்பிடியை ஒரே சீராக, கிணற்றில் வாளி இழுப்பது போல இழுப்பார்கள். நிலவறையிலிருந்து பீர் மேலே ஏறும். வடக்கில் குழாய் நுனியில் ஸ்பார்க்லர் என்று பொடி ஓட்டைகள் உள்ள ஒரு மூடி இருக்கும். அதன் வழியே வருவதால் கிளாஸுக்குள் பால் மாதிரி கலங்கிப் புகையும். பிறகு அடியிலிருந்து மெதுவாகத் தெளிந்து, மேலே ஆடை போல நுரை நிற்கும். லண்டன் பக்கம் பெரும்பாலும் ஸ்பார்க்லர் இல்லை, நுரையும் குறைவு. எது சரி என்று இரண்டு பக்கத்தாரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துக் கேட்காதீர்கள், விடிந்துவிடும். நுரை ரொம்ப அதிகமாக இருந்தால் "டாப் அப் ப்ளீஸ்" என்று கேட்கலாம், தவறில்லை.

படி 6: ருசி சரியில்லையா?

ஒருமுறை வேறொரு ஊரில் எனக்கு வந்த பைன்ட் வினிகராக இருந்தது. இதுதான் இவர்கள் ருசிபோல என்று முழுவதையும் குடித்து முடித்தேன். நம் சங்கோஜம் அப்படி! பீப்பாய் நாள்பட்டுப் போனால் அப்படிப் புளிக்கும். ஒரு வாய்க்கு மேல் குடிக்காமல் திரும்பப் பாருக்கு எடுத்துப் போய், "இது கொஞ்சம் புளித்திருக்கிறது போலிருக்கிறது" என்று மெதுவாகச் சொன்னால், நல்ல பப்பில் மோந்து பார்த்துவிட்டு வேறு தருவார்கள். பிடிக்கவில்லை என்பது வேறு, கெட்டுப்போனது வேறு. பிடிக்காததற்குத்தான் ருசி பார்க்கக் குட்டிக் கிளாஸ் இருக்கிறதே.

படி 7: ரவுண்ட்

நாலு பேராகப் போனால் ஒருவர் நாலு பேருக்கும் வாங்குவார், அடுத்தது இன்னொருவர். டீக்கடையில் "இன்னைக்கு நான் கொடுக்கிறேன்" என்று மல்லுக்கட்டுவோமே, அது இங்கே கிடையாது. முறை வைத்துப் போகும். உங்கள் முறை வரும்போது கழிவறைக்குப் போகாதீர்கள், வருடக்கணக்கில் நினைவு வைத்திருப்பார்கள். ஒன்றோடு நிறுத்த எண்ணம் இருந்தால் முதலிலேயே "நான் ரவுண்டில் இல்லை" என்று சொல்லிவிடுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள்.

டிப்ஸ் கட்டாயமில்லை. பாரில் இருப்பவர் நன்றாக விளக்கிச் சொன்னால் "உங்களுக்கும் ஒன்று" என்று சொல்லலாம். அதன் விலையைச் சேர்த்துக்கொள்வார்.

மூடுகிற நேரம் நெருங்கினால் மணி அடிப்பார்கள். அது கடைசி ஆர்டர். அதற்குப் பிறகு கையில் இருப்பதைக் குடித்து முடிக்கக் கொஞ்ச நேரம் தருவார்கள். காலிக் கிளாஸை நீங்களே பார் மேல் கொண்டுபோய் வையுங்கள். அப்புறம், கார் சாவியை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள், டிராம் இருக்கிறது. கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்பதை மட்டும் முதல் ஹாஃப் வாங்குவதற்கு முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள்.