ஆள் மேல் பாயும் சேவலை வழிக்குக் கொண்டுவருவது எப்படி?

வீட்டில் ஆசைக்கு நாலு கோழி வளர்ப்பவர்களுக்குத் தொல்லை பெரும்பாலும் சேவலால்தான் வரும். அதுவும் விடலைப் பருவத்தில், 5 மாதம் முதல் ஒரு வயது வரை. பல சேவல்கள் அதற்குப் பிறகு ஓரளவு அடங்கிவிடும். இடைப்பட்ட மாதங்களில் ஆளை அடித்து ஜெயித்துப் பழகிய சேவல்தான் கடைசிவரை பாய்ந்துகொண்டே இருக்கும்.

சேவல் சொல்லாமல் பாயாது. ஒரு பக்க இறக்கையைத் தரையில் உரசுகிற மாதிரி தாழ்த்திப் பக்கவாட்டில் நகரும். கழுத்து இறகு சிலிர்க்கும். தலையைக் குனிந்து, இரையே இல்லாத இடத்தில் தரையைக் கொத்தும். அடுத்த நொடி எகிறி இரண்டு காலாலும் அடிக்கும். பெட்டையிடமும் இதே மாதிரி இறக்கையைத் தாழ்த்தி வட்டமிடும், அது மிதிப்பதற்கு, அதாவது இணை சேர்வதற்கு. உங்களைப் பார்த்துச் செய்தால் சண்டைக்கு.

அப்போது ஓடாதீர்கள், பின்வாங்காதீர்கள், உதைக்கவும் வேண்டாம். ஓடினால் அது ஜெயித்ததாகிவிடும். உதைத்தால் நீங்களும் சண்டைக்கு இறங்கியதாகிவிடும். ஒரு முறமோ கெட்டி அட்டையோ முழங்காலுக்கு முன்னால் பிடித்து நில்லுங்கள். அதைக் கொண்டு அடிக்க வேண்டியதில்லை, மறைத்தால் போதும். சேவல் பார்வையைத் திருப்பி மேயத் தொடங்கிய பிறகே நகருங்கள். முழுக்கால் பேண்ட்டும் மூடிய செருப்பும் இருந்தால் தைரியமாக நிற்கலாம்.

அப்படியும் விடாமல் வருகிறதா? பொழுது சாய்ந்து கூண்டில் அடைந்ததும் பிடியுங்கள். இறக்கை விரியாதபடி கக்கத்தில் அணைத்து, இன்னொரு கையால் இரண்டு காலையும் சேர்த்துப் பிடித்து 5 முதல் 10 நிமிடம் நில்லுங்கள். திமிறும்போது இறக்கிவிட்டால், திமிறினால் விடுதலை என்று கற்றுக்கொள்ளும். உடல் தளர்ந்ததும் இறக்குங்கள். இப்படிச் சில நாள் தொடர வேண்டும்.

பாதிப் பாய்ச்சலுக்குக் காரணம் நாமே. சேவல் பார்க்கப் பெட்டையைப் பிடித்தால், பெட்டை போடும் கூச்சலுக்கே சேவல் வந்து விழும். பிடிக்க வேண்டியதை இரவில் பிடியுங்கள். தீவனம் வைக்கும்போது சேவலுக்கும் பெட்டைகளுக்கும் நடுவே புகாதீர்கள். சேவல் குஞ்சைக் கையிலேயே வைத்துக் கொஞ்சி வளர்ப்பதும் ஆகாது; ஆளிடம் பயமே இல்லாத சேவல்தான் வளர்ந்ததும் ஆளைப் போட்டிக்கு அழைக்கும். சண்டைக்கென்றே வளர்த்த அசில் இனம் மற்ற சேவலைக் கண்டால் விடாது, ஆனால் வளர்ப்பவரிடம் பெரும்பாலும் சாதுவாகவே இருக்கும்!

ஒரு சேவலுக்கு 8 முதல் 10 பெட்டை வேண்டும். இரண்டு மூன்றுதான் என்றால் அவற்றின் முதுகிலும் பிடரியிலும் இறகு உதிர்ந்து தோல் தெரியும். பகலில் சில மணி நேரம் சேவலைப் பஞ்சாரக் கூடையால் கவிழ்த்து மூடி வைத்தால் பெட்டைகளுக்கு ஓய்வு கிடைக்கும்.

சேவலின் காலில் பின்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் முள்ளையும் கவனியுங்கள். வெளியே நகம் போன்ற ஓடு, உள்ளே ரத்தம் ஓடும் எலும்பு. ஆகவே அடியோடு வெட்டக் கூடாது. கூர்நுனியை மட்டும் அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்து மழுக்குங்கள். ராவும்போது நடுவில் ஈரமோ சிவப்போ தெரிந்தால் அதோடு நிறுத்திவிடுங்கள். ரத்தம் கசிந்தால் மக்காச்சோள மாவை வைத்து அழுத்திப் பிடியுங்கள். காயம் ஆறும்வரை தனியே வையுங்கள், ரத்தத்தைக் கண்டால் மற்றவை கொத்தும்.

கூவுவதை நிறுத்த வழியில்லை. வெளிச்சம் மாறாத மங்கலான அறையில் வைத்தாலும் சேவல் தன் உடல் கடிகாரப்படி விடியலுக்கு முன்பே கூவுகிறது என்று ஜப்பானின் நகோயா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் காட்டினார்கள். காற்று புகும்படி இருட்டாக அடைத்து, சற்றுத் தாமதமாகத் திறந்தால் அக்கம்பக்கத்துக்குச் சத்தம் குறையும். கழுத்தில் பட்டை கட்டும் யோசனை வேண்டாம்; மூச்சுத் திணறும்.

சாதுவாக இருந்த சேவல் திடீரென்று மாறினால் செள்ளு, உள்ளங்கால் வீக்கம், கண் கோளாறு இருக்கிறதா என்று பாருங்கள். சின்னப் பிள்ளைகளைத் தனியே கிட்டே விடாதீர்கள். அவர்கள் முகம் சேவல் எகிறும் உயரத்தில் இருக்கிறது. ஒன்றரை வயதாகியும் திருந்தாத சேவலைத் தனிக் கூண்டுக்கு மாற்றுங்கள். அந்தக் குணம் குஞ்சுகளுக்கும் இறங்கும் என்பதால் அதோடு சேர்ந்த பெட்டைகளின் முட்டைகளை அடைக்கு வைக்க வேண்டாம்.